பிரேசிலில் மார்மன் சபை: சேர்ந்தவர்களும் தங்கியவர்களும்

பிரேசில் அரசு 2010ஆம் ஆண்டில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தங்களை மார்மன் சபையினர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 2,26,509 பேர். அதே காலத்தில் அந்தச் சபை தானே வெளியிட்ட கணக்கின்படி, பிரேசிலில் அதன் உறுப்பினர்கள் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒன்றுக்கு ஐந்து என்னும் அளவிலான இந்த இடைவெளியைக் கண்டவுடன், இரண்டில் ஒரு தரப்பு பொய் சொல்கிறது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் இரு தரப்பும் தாம் எண்ண வந்ததைச் சரியாகவே எண்ணியிருக்கின்றன. எண்ண வந்த பொருள்தான் வேறு. ஒரு மதம் ஒரு நாட்டில் வளர்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வளர்ச்சியில் யாருக்கு உள்ளே வர வழி இருந்தது, வந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்ற இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பிரேசிலைப்போல் தெளிவாகக் காட்டும் நாடு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் மார்மன் சபை என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அதன் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதைத் தொடங்கினார். பைபிளோடு மார்மன் புத்தகம் என்ற இன்னொரு நூலையும் இவர்கள் வேதமாக ஏற்கிறார்கள். பழங்கால அமெரிக்கக் கண்டத்தில் வாழ்ந்த மக்களிடையே இறைவாக்கினர்கள் இருந்தார்கள் என்றும், உயிர்த்தெழுந்த இயேசு அவர்களுக்குக் காட்சி தந்தார் என்றும் அந்த நூல் சொல்கிறது. ஸ்மித் கொல்லப்பட்ட பிறகு பிரிகாம் யங் தலைமையில் பெரும்பாலானோர் மேற்கே நடந்து, 1847இல் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பகுதியில் குடியேறினார்கள். சபையின் தலைமையகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. மார்மன் என்ற பெயரைத் தவிர்த்து முழுப் பெயரையே பயன்படுத்துமாறு சபையின் தலைவர் 2018இல் கேட்டுக்கொண்டார் என்றாலும், ஊர் அறிந்த பெயர் என்பதால் இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.

இந்தச் சபையின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அதன் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. உள்ளூர் அளவில் இங்கே சம்பளம் வாங்கும் போதகர் எவரும் இல்லை. ஒரு பகுதியின் விசுவாசிகள் சேர்ந்த குழு, கத்தோலிக்கர்கள் பங்கு என்றும் தென்னிந்தியத் திருச்சபையினர் சேகரம் என்றும் சொல்வதற்கு நிகரானது. அதை நடத்துபவர் பேராயர் என்றே அழைக்கப்பட்டாலும், அவர் வங்கியிலோ கடையிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சபை வேலையைக் கவனிக்கும் சாதாரண குடும்பஸ்தராகவே இருப்பார். இத்தகைய பல குழுக்கள் சேர்ந்தால் ‘ஸ்டேக்’ எனப்படும் வட்டாரம் உருவாகும். ஆசாரியத்துவம் என்ற பொறுப்பு தகுதியுள்ள ஆண்கள் எல்லோருக்கும், சிறுவர்களாக இருக்கும்போதே வழங்கப்படுகிறது. அது இல்லாத ஆண் குழுவை நடத்த முடியாது, ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. வாராந்தர ஆராதனை நடக்கும் கூடத்துக்குள் யாரும் போகலாம். ஆலயம் என்பது அதிலிருந்து வேறுபட்டது. கணவனையும் மனைவியையும் நித்தியத்துக்கும் இணைக்கும் திருமணச் சடங்கு முதலியவை நடக்கும் அந்தக் கட்டடத்துக்குள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுத்து, சபை ஒழுக்கங்களைக் கடைப்பிடித்து, அனுமதிச் சீட்டுப் பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே நுழைய முடியும். ஆசாரியத்துவமும் ஆலயமும் ஆகிய இந்த இரண்டும்தான் பிரேசிலில் பின்னர் பெரும் சிக்கலாக மாறின.

தென் அமெரிக்காவில் சபை காலூன்றியது 1925ஆம் ஆண்டின் இறுதியில். சபையின் உயர் தலைமைக் குழுவான பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த மெல்வின் பல்லார்ட் இரண்டு துணைவர்களோடு அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸ் வந்து சேர்ந்து, கிறிஸ்துமஸ் நாளன்று அந்நகரப் பூங்கா ஒன்றில் கண்டம் முழுவதையும் நற்செய்திப் பணிக்காகப் பிரதிஷ்டை செய்து ஜெபித்தார். அவர்கள் அங்கே தேடிப் போனது ஸ்பானிஷ் பேசும் மண்ணின் மக்களைவிட, ஜெர்மனியிலிருந்து குடியேறியிருந்த சில மார்மன் குடும்பங்களையும் அவர்களுடைய அண்டை வீட்டாரையும்தான். சில மாதங்கள் கழித்துப் பல்லார்ட் விடைபெற்றபோது, ஓக் மரம் விதையிலிருந்து மெல்ல வளர்வதைப்போல இந்தப் பணியும் சிலகாலம் மெதுவாகவே வளரும் என்று சொல்லிச் சென்றார். இந்த வாக்கைத் தென் அமெரிக்க மார்மன்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ரைன்ஹோல்ட் ஸ்டோஃப் ஜெர்மானியர். தெற்கு பிரேசிலில் 19ஆம் நூற்றாண்டு முதலே ஜெர்மானியக் குடியேற்றங்கள் செழித்திருந்தன. பள்ளிக்கூடம், பத்திரிகை, கடைவீதி என எல்லாம் ஜெர்மன் மொழியிலேயே நடந்த ஊர்கள் அங்கே இருந்தன. அத்தகைய ஊர்களில் ஒன்றான சாண்டா கேட்டரினா மாநிலத்து ஜோயின்வில் நகருக்கு, 1928இல் இரண்டு மிஷனரிகளை ஸ்டோஃப் அனுப்பினார். மறு ஆண்டில் அங்கே முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. 1931இல் சபைக்குச் சொந்தமான சிறிய ஆராதனைக் கூடமும் அதே ஊரில் எழுந்தது. ஆகவே பிரேசிலில் மார்மன் சபையின் முதல் பத்தாண்டு என்பது, போர்த்துகீசிய மொழி பேசும் ஒரு நாட்டில் ஜெர்மன் மொழி பேசியவர்களுக்காக நடந்த பணியின் வரலாறு. மொழி தெரிந்த இடத்தில் வேலையைத் தொடங்குவது இயல்பு என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் அதற்கடியில் இன்னொரு காரணமும் இருந்தது. அதற்குச் சற்று நேரத்தில் வருவோம்.

இந்த ஏற்பாட்டை மாற்றியது பிரேசில் அரசு. கெட்டூலியோ வர்காஸின் சர்வாதிகார ஆட்சி, குடியேறிகள் அனைவரையும் ஒரே தேசியத்துக்குள் கொண்டுவரும் முனைப்பில், 1938 முதல் பொதுக்கூட்டங்களிலும் பள்ளிகளிலும் அந்நிய மொழிகளுக்குத் தடை விதித்தது. ஜெர்மன் மொழியில் ஆராதனை நடத்த முடியாமல் போகவே, மிஷனரிகள் வேறு வழியின்றிப் போர்த்துகீசியம் கற்றார்கள். மார்மன் புத்தகமும் பாடல்களும் அந்த மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. பழைய ஜெர்மன் விசுவாசிகளில் பலர் இதை விரும்பாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் இது சபைக்குப் பெரும் இழப்பாகவே தெரிந்திருக்கும். நாட்டின் பெரும்பான்மை மக்களோடு பேசத் தேவையான மொழியை, சபை தன் விருப்பத்தால் அல்லாமல் ஒரு சர்வாதிகாரியின் ஆணையால் கற்றுக்கொண்டது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க மிஷனரிகள் நாடு திரும்பிவிட்டார்கள். போர் முடிந்து அவர்கள் மீண்டும் வந்தபோது அனைத்தையும் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பின்னர் வேகம் மெல்லக் கூடியது. 1966ஆம் ஆண்டு மே மாதம் சாவோ பாலோவில் தென் அமெரிக்காவின் முதல் ‘ஸ்டேக்’ அமைக்கப்பட்டு, வால்டர் ஸ்பேட் என்ற உள்ளூர்க்காரர் அதன் தலைவரானார். அதாவது அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் கண்காணிப்பு இல்லாமல், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உள்ளூர் ஆட்கள் தேறிவிட்டார்கள் என்று தலைமையகம் ஒப்புக்கொண்டது.

இப்போது ஒத்திவைத்த காரணத்துக்கு வருவோம். பிரிகாம் யங் 1852இல் அறிவித்த ஒரு விதியின்படி, ஆப்பிரிக்க வம்சாவளியினரான ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது. அவ்வம்சாவளியில் வந்த ஆண், பெண் இருபாலரும் ஆலயத்தின் முக்கியச் சடங்குகளில் பங்குபெற முடியாது. ஞானஸ்நானம் பெற்று உறுப்பினராக இருக்கலாம், ஞாயிறு தோறும் வரலாம், காணிக்கை கொடுக்கலாம். அதற்கு மேல் போக முடியாது. ஜோசப் ஸ்மித் காலத்திலேயே ஆசாரியத்துவம் பெற்றிருந்த கறுப்பினத்தவர் இருந்தார்கள் என்ற போதிலும், இந்த விதி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. இதற்குச் சொல்லப்பட்ட இறையியல் விளக்கங்களைச் சபை 2013இல் வெளியிட்ட கட்டுரையில் வெளிப்படையாகவே கைவிட்டுவிட்டது.

அமெரிக்காவின் யூட்டாவில் இந்த விதியால் அன்றாட நிர்வாகத்தில் சிக்கல் குறைவு. அங்கே கறுப்பின மக்கள் மிகக் குறைவு, யார் வெள்ளையர் என்பதில் சமூகத்துக்குச் சந்தேகமும் இருந்ததில்லை. பிரேசிலின் நிலை அதற்கு நேர்மாறானது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வேறெந்த அமெரிக்க நாட்டையும்விட அங்கே அதிகம்; அடிமை முறை ஒழிந்ததே 1888இல்தான். ஐரோப்பியரும் ஆப்பிரிக்கரும் பூர்வகுடிகளும் பல தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்த அந்த நாட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவர் வெள்ளையராகவும் மற்றவர் கலப்பினத்தவராகவும் கருதப்படுவது சாதாரணம். தோலின் நிறத்தைப் பார்த்தாலே வம்சாவளி தெரிந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அங்கே எந்த அடிப்படையும் இல்லை.

விதியை நடைமுறைப்படுத்த வேண்டிய பொறுப்போ இருபது வயதைத் தொட்ட அமெரிக்க இளைஞர்களின் தலையில் விழுந்தது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக இருவர் இருவராகச் சென்ற அந்த மிஷனரிகள், ஒரு குடும்பம் சபையில் ஆர்வம் காட்டினால், குடும்பப் புகைப்படத் தொகுப்பைக் காட்டுமாறு இயல்பாகக் கேட்பதுபோலக் கேட்பார்கள். தாத்தா, பாட்டி, ஒன்றுவிட்ட உறவினர்கள் என ஒவ்வொரு படமாகப் புரட்டும்போது முகச்சாயலையும் தலைமுடியையும் கவனிப்பார்கள். குடும்பம் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பார்கள். வம்சாவளி பற்றிய தனிப் பாடம் ஒன்றும் உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன் அதை நடத்தி, விதியை விளக்கிவிட வேண்டும். கறுப்பின மக்கள் வாழும் தெருக்களைத் தவிர்த்துவிடுவது இன்னும் எளிய வழியாக இருந்தது. விருந்தினர் என்று எண்ணிப் படங்களைக் காட்டிய ஒரு பாட்டிக்கு, எதற்காக அவற்றை அவர்கள் அவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்திருக்குமா என்ற கேள்வி, இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

தெற்கிலுள்ள ஜெர்மன் குடியேற்றங்களைச் சபை முதலில் தேர்ந்தெடுத்ததற்கு மொழியைத் தவிர இருந்த காரணம் இதுதான். கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் பெரும்பான்மையாக வாழும் வடகிழக்குப் பகுதிக்கு, அதாவது ரெசிஃபி, சால்வடோர், ஃபோர்ட்டலேசா போன்ற நகரங்கள் இருக்கும் பகுதிக்கு, 1960 வரை மிஷனரிகள் முறையாகச் செல்லவே இல்லை. வளர்ச்சி குறைவாக இருந்ததற்குப் பிரேசில் மக்களின் கத்தோலிக்கப் பற்றைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். சபை தானே தன் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1975இல் சபையின் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், சாவோ பாலோவில் தென் அமெரிக்காவின் முதல் ஆலயம் கட்டப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பைக் கேட்டு விசுவாசிகள் கண்ணீர் விட்டார்கள். நகைகளை விற்றுக் கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஆலயம் எழ எழ, நடைமுறைக் கேள்வி ஒன்றும் கூடவே எழுந்தது. கட்டி முடித்த பிறகு யாரை உள்ளே விடுவது? மூன்று தலைமுறைக்கு முந்திய ஒரு பாட்டியின் வம்சாவளியை எந்த ஆவணத்தைக் கொண்டு உறுதி செய்வது? ஆசாரியத்துவம் பெற்றுப் பல ஆண்டுகள் பொறுப்பிலிருந்த ஒருவர், தம் முன்னோரைப் பற்றி ஆராயப் போய் ஆப்பிரிக்க வேரைக் கண்டுபிடித்தால் அவரை என்ன செய்வது? முன்னோரின் வரலாற்றைத் தேடுவதைக் கடமையாகவே வலியுறுத்தும் சபைக்கு, பிரேசிலில் அந்தத் தேடலே ஆபத்தாகிவிட்டது.

ஹெல்வேசியோ மார்ட்டின்ஸ் குடும்பத்தை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ரியோ டி ஜெனீரோவில் பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்தில் உயர் பொறுப்பிலிருந்த இந்தக் கறுப்பினத்தவர், 1972இல் மனைவி ரூடாவோடும் பிள்ளைகளோடும் ஞானஸ்நானம் பெற்றார். விதியைப் பற்றி மிஷனரிகளிடம் அவரே முதலில் கேட்டு, பதிலைக் கேட்ட பிறகும் சேர்ந்தவர் அவர். தாங்கள் நுழையவே முடியாது என்று தெரிந்திருந்தும் அந்தக் குடும்பம் ஆலயக் கட்டட நிதிக்குப் பணம் கொடுத்தது. ஆலயத்தைப் பற்றிய செய்தித் தொடர்புப் பணியையும் ஹெல்வேசியோ ஏற்றுச் செய்தார். இதைத் தியாகம் என்று போற்றுவோரும், தன்மானக் குறைவு என்று விமர்சிப்போரும் இருக்கலாம். ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாத அளவு நம்பிக்கை அதில் இருந்தது என்பதை இரு சாராரும் மறுக்க முடியாது.

1978ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் சால்ட் லேக் ஆலயத்தில் கிம்பலும் மற்றத் தலைவர்களும் ஜெபித்தபோது தங்களுக்கு வெளிப்பாடு கிடைத்ததாகக் கூறினர். தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் இன வேறுபாடின்றி ஆசாரியத்துவம் வழங்கப்படும் என்ற அறிவிப்பு ஜூன் 9 அன்று வெளியானது. அந்த முடிவுக்கு அமெரிக்கச் சமூக மாற்றங்கள், நைஜீரியாவிலும் கானாவிலும் தாங்களாகவே கூடி ஆராதித்துக்கொண்டிருந்த குழுக்கள் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கட்டி முடியும் தறுவாயில் நின்ற சாவோ பாலோ ஆலயமும் அவற்றுள் முக்கியமான ஒன்று என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவ்வாலயம் அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஹெல்வேசியோவின் மகன் மார்க்கஸுக்கு அப்போது திருமணம் நிச்சயமாகி, அழைப்பிதழும் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் அதை ஒத்திவைத்துவிட்டு மிஷனரிப் பணிக்குப் போனார். ஹெல்வேசியோ 1990இல் சபையின் பொதுத் தலைமைப் பொறுப்புகளில் ஒன்றுக்கு உயர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

இதற்குப் பின்தான் எண்கள் பாய்ச்சல் காட்டின. 1978இல் பிரேசிலில் ஐம்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை, சபையின் கணக்கில் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஏழு லட்சத்தைக் கடந்தது. இன்று அது ஏறத்தாழ 15 லட்சம். அமெரிக்கா, மெக்சிகோ ஆகியவற்றோடு உலகில் மார்மன் உறுப்பினர்கள் மிகுந்த முதல் மூன்று நாடுகளில் பிரேசிலும் ஒன்று.

கதவு திறந்தது ஒரு பாதி; வெளியே ஆட்கள் காத்திருந்தது மறு பாதி. 1940இல் பிரேசில் மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரே நகரங்களில் வாழ்ந்தார்கள்; 2000இல் அது 81 விழுக்காடு. கிராமத்தில் கோயில் திருவிழாவும் ஞானத்தாய் தந்தையரும் உறவுகளும் சேர்ந்து தாங்கிப் பிடித்த வாழ்க்கையை விட்டுவிட்டு, சாவோ பாலோவின் புறநகரில் யாரையும் தெரியாமல் வந்து நின்ற குடும்பத்தின் கதவைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்து, வாரம் தவறாமல் வந்து நலம் விசாரிப்பவர்கள் கிடைத்தால் அதன் மதிப்பே தனி. கத்தோலிக்கத் திருச்சபையில் குருமார் பற்றாக்குறை நெடுநாளாக இருந்து வந்தது. 1970இல் மக்களில் 92 விழுக்காட்டினர் கத்தோலிக்கர்கள். 2010இல் 65 விழுக்காடு, 2022இல் 57 விழுக்காடு. வெளியேறியவர்களில் பெரும்பாலோரை ஈர்த்தவை பெந்தெகொஸ்தே சபைகள். அந்தப் பெருவெள்ளத்தின் ஓரத்தில் ஓடிய ஒரு கிளைதான் மார்மன் சபை என்பதை மறந்துவிடக் கூடாது.

மார்மன் சபை கொடுத்தது என்ன? முதலாவதாகப் பொறுப்பு. பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒரு பெயின்டரும் சில ஆண்டுகளில் குழுவின் செயலராகவோ ஆசிரியராகவோ ஆகலாம். பதினாறு வயதுப் பெண் ஞாயிறு ஆராதனையில் மேடையேறிப் பேசலாம். குடிப்பழக்கம் விலக்கப்பட்டதால் வீட்டில் பணம் மிஞ்சியது. இளைஞர்களுக்குப் படிப்பைப் பற்றிய ஆர்வமும் ஆங்கிலமும் கிடைத்தன. மிஷனரிகள் பல இடங்களில் இலவசமாக ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார்கள்; அப்படி அவர்களிடம் ஆங்கிலம் கற்ற கார்லோஸ் மார்ட்டின்ஸ் என்பவர்தான் பின்னாளில் நாடெங்கும் கிளை பரப்பிய ‘விசார்ட்’ ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கிப் பெருஞ்செல்வர் ஆனார்; தம் பெயரோடே விசார்ட் என்பதைச் சேர்த்துக்கொண்டார். இறந்த முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்ற போதனை வேறு நாடுகளில் விநோதமாகத் தோன்றலாம். இறந்தவர்களின் ஆவியோடு பேசுவதை நம்பும் ஆவியுலக மரபுகள் வேரூன்றிய பிரேசிலில் அது அவ்வளவு அந்நியமாகத் தெரிந்திருக்காது என்பது என் கணிப்பு.

கொடுத்ததைப்போலவே சபை கேட்டதும் அதிகம். உலகிலேயே மிக அதிகமாகக் காபி விளைவிக்கும் நாட்டில், காபி குடிக்கக் கூடாது என்பது மார்மன் விதி. பிரேசிலில் ‘கஃபேசீன்யோ’ எனப்படும் சிறு கோப்பைக் காபி வெறும் பானம் கிடையாது. வீட்டுக்கு வந்தவருக்கும், அலுவலகத்துக்கு வந்தவருக்கும், வங்கியில் வரிசையில் நிற்பவருக்கும்கூட நீட்டப்படும் மரியாதை அது. அதை மறுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய விசுவாசி தம் மதமாற்றத்தை விளக்க வேண்டியிருக்கும். வறுத்த பார்லியில் செய்த பானத்தைக் குடித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. இதோடு பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, வாரம் முழுவதும் சபைப் பொறுப்புகள், தாளமும் கைதட்டலும் இல்லாத அமைதியான அமெரிக்க ஆராதனை முறை ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே சபைகள் உள்ளூர்ப் போதகரையும் உள்ளூர் இசையையும் கொண்டு தெருமுனைக் கடையில்கூடத் தொடங்கிவிட முடிந்தது. மார்மன் சபையிலோ பாடநூல் முதல் கட்டட வரைபடம் வரை எல்லாம் சால்ட் லேக்கிலிருந்து வரும். பிரேசிலில் 1980இல் 6.6 விழுக்காடாக இருந்த சீர்திருத்த, பெந்தெகொஸ்தே சபையினர் 2010இல் 22.2 விழுக்காடாகப் பெருகியதற்கும், மார்மன்கள் ஒரு விழுக்காட்டை எட்டவே திணறுவதற்கும் இடையிலான வேறுபாட்டை இந்தச் சுமையும் இந்த அந்நியத்தன்மையும் ஓரளவு விளக்குகின்றன.

இனி அந்த இரண்டு எண்களுக்கு வரலாம். பிரேசில் கணக்கெடுப்பில், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் அலுவலர் ‘உங்கள் மதம் அல்லது வழிபாடு எது’ என்று கேட்பார். பதிலளிப்பவர் தம் வாயால் சொல்வது பதிவாகும். சபையின் கணக்கோ பதிவேட்டிலிருந்து எடுப்பது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும், உறுப்பினர்களின் சிறு குழந்தைகளும் அதில் அடக்கம். ஒருவர் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டாலும், வேறு சபைக்கே போய்விட்டாலும், தம் பெயரை நீக்குமாறு அவரே எழுதிக் கேட்காத வரை அவர் உறுப்பினர்தான். இருக்குமிடம் தெரியாமல் போனவர்களின் பெயர்கூட, 110 வயது நிறையும் வரை எண்ணிக்கையில் நீடிக்கும். ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகளான பிறகும் வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதைப் போன்றதுதான் இது.

2000ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பில் மார்மன்கள் 1,99,645 பேர். பத்தாண்டு கழித்து 2,26,509 பேர். அதாவது தங்களை மார்மன் என்று சொல்லிக்கொள்பவர்கள் பத்தாண்டில் 27,000 பேர்கூடக் கூடவில்லை. அதே பத்தாண்டில் சபையின் பதிவேட்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். முன்வாசல் வழியாக வந்த கூட்டத்தில் பெரும்பகுதி பின்வாசல் வழியாகப் போய்விட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. மிஷனரிகளுக்கு மாத இலக்கு இருந்த காலங்களில், சில வாரப் பழக்கத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடும் அவசரம் லத்தீன் அமெரிக்கா எங்கும் இருந்தது. கற்றுக்கொடுத்த மிஷனரி சில மாதங்களில் வேறு ஊருக்கு மாற்றப்படுவார். புதிய விசுவாசியின் நட்பு அவரோடு இருந்ததே தவிர, குழுவோடு இருக்காது. சேர்ந்த வேகத்திலேயே கனமான பொறுப்பும் தலையில் ஏற்றப்பட்டால் சிலர் அதில் ஊன்றிக்கொள்வார்கள், பலர் சோர்ந்துபோவார்கள்.

தங்கியவர்களின் பற்று எத்தகையது என்பதற்கு அமேசான் காட்டின் நடுவேயுள்ள மனௌஸ் நகரத்து விசுவாசிகளைச் சொல்லலாம். 1992இல் சுமார் நூறு பேர் அங்கிருந்து சாவோ பாலோ ஆலயத்துக்குக் கிளம்பினார்கள். சாலை இல்லாத இடங்களில் ஆற்றில் படகில் பல நாள், பிறகு பேருந்தில் பல நாள் என ஏறத்தாழ ஒரு வாரப் பயணம் போகும்போது; திரும்பும்போதும் அதே பாடு. பிறகு இத்தகைய பயணங்கள் வாடிக்கையாயின. மனௌஸுக்குத் தனி ஆலயம் 2012இல்தான் கிடைத்தது. ரெசிஃபியிலும் போர்ட்டோ அலெக்ரியிலும் 2000இல் ஆலயங்கள் எழுந்தன. பிறகு காம்பினாஸ், கியூரிட்டிபா, ஃபோர்ட்டலேசா, ரியோ, பெலெம், பிரேசிலியா என்று பட்டியல் நீண்டு, 2024இல் கறுப்பின மக்களின் தலைநகர் என்றே கருதப்படும் சால்வடோரும் அதில் சேர்ந்தது. மிஷனரிகளைப் பெற்றுக்கொண்டிருந்த நாடு இப்போது அனுப்பும் நாடாகவும் மாறிவிட்டது: அவர்களுக்கான பெரிய பயிற்சி மையம் சாவோ பாலோவில் இயங்குகிறது, போர்த்துகீசியம் பேசும் மொசாம்பிக், அங்கோலா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பிரேசில் இளைஞர்கள் போகிறார்கள். சாவோ பாலோவில் பிறந்த உலிசெஸ் சோவாரெஸ் 2018இல் பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவரானார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவர்.

வளர்ச்சியை அளக்க விரும்பும் புதிய வாசகர், உறுப்பினர் எண்ணிக்கையைவிட உள்ளூர்க் குழுக்களின் எண்ணிக்கையைக் கவனிப்பது நல்லது. சம்பளமில்லாத ஆட்களை வைத்தே எல்லாவற்றையும் நடத்தும் சபையில், தவறாமல் வரும் ஆண்களும் பெண்களும் போதுமான அளவு இல்லாமல் ஒரு குழுவை வைத்திருக்க முடியாது. ஆகவே அந்த எண்ணை ஊதிப் பெருக்குவது கடினம். 2010 வாக்கில் பிரேசில் முழுவதும் ஏறத்தாழ இரண்டாயிரம் குழுக்கள் இருந்தன. சபையின் 11 லட்சத்தை அவற்றுக்குப் பகிர்ந்தால் குழு ஒன்றுக்கு 550 பேருக்கு மேல் வரும், அரசின் 2.26 லட்சத்தைப் பகிர்ந்தால் நூறு சொச்சம் பேர் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக் கூடத்தில் நாற்காலி போடுபவர் கணக்கில் வைத்திருப்பது அந்த நூறு சொச்சம் பேரைத்தான். மீதி 450 பெயர்கள் பேராயரின் பட்டியலில் முகவரிகளாக இருக்கின்றன. வேலை முடிந்த மாலைகளில் அவரும் அவருடைய உதவியாளர்களும் போய்த் தட்டிப் பார்க்கும் கதவுகள் அவை.